பூச்சோங்கிலிருந்து பினாங்குக்கு வீடு மாற்றினோம்: லோரி ஆட்களுக்கு ஐந்து, ஆபீசுக்கு ஒன்றரை

நேராகவே சொல்லிவிடுகிறேன். வந்து சாமான் கட்டி, ஏற்றி, இறக்கிய ஆட்களுக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். அவர்களை அனுப்பிய ஆபீசுக்கு ஒன்றரை. அந்த அரையும் வியாழக்கிழமை காலையில் போனை எடுத்து, கத்தாமல் நான் சொன்னதைக் கேட்ட ஒரு பெண்பிள்ளைக்காக. கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. நான் விசாரித்த மூன்று இடத்திலும் ஏற்பாடு கிட்டத்தட்ட ஒன்றுதான், விலை எழுதித் தருகிறவர் ஒருவர், லோரியில் வருகிறவர் வேறொருவர், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்டுக்கொள்ள வேண்டியவைதான் கீழே இருப்பதெல்லாம்.

தனி ஆளாக வீடு மாறுகிறவர்களுக்கு இது பெரிதாக உதவாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நாம் எல்லாருமே வாடகை எவ்வளவு, பெட்டி எத்தனை, டோல் யார் கட்டுவது என்றுதான் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டியது தேதியை. அதுவும் வாய்வார்த்தையாக இல்லை, எழுத்தில்.

கதை இதுதான். வீட்டுக்காரருக்கு ஆகஸ்டில் பினாங்குத் தீவில் இருக்கிற பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலை மாற்றம் வந்தது. அவர் அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்பிப் போவார், நான் இங்கே இரண்டு பிள்ளைகளோடு. நாலு மாதம் அப்படியே ஓடியது. பூச்சோங்கில் பதினோரு வருடம் இருந்துவிட்டோம், இடம் பழகியது, பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அப்பம் போடுகிற அக்கா வரைக்கும் தெரிந்தவர்கள், ஆனால் மகளுடைய பள்ளி விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லாமல்தான் கிளம்பினேன் என்று சொல்ல வேண்டும். பெட்டாலிங் மாவட்டத்தில் பள்ளிகள் அவ்வளவு அதிகம், ஒரு கல்வி அலுவலகம் போதாமல் உத்தாமா, பெர்டானா என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் பெர்டானாவில். மகள் முதலாம் படிவம், மதிய நேரப் பள்ளி. பகல் பதினொன்றரைக்கே சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவாள், பள்ளி வேன் எல்டிபி நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து வீட்டு வாசலில் அவளை இறக்கும்போது இருட்டிவிடும். வகுப்பில் நாற்பதுக்கு மேல். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், அவர்களுக்கும் இரண்டு கைதான்.

மகன் தமிழ்ப்பள்ளி, மூன்றாம் ஆண்டு முடித்தான். அவன் பள்ளியை விட்டு வருவதற்குத்தான் எனக்கு மனம் வரவில்லை. அது வேறு கதை.

லீவு கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எல்லா வம்பும் அங்கேதான் தொடங்கியது. 2020-க்குப் பிறகு பள்ளி ஆண்டு மார்ச், பிப்ரவரி என்று நகர்ந்து நகர்ந்து போய், 2026-ல்தான் மறுபடி ஜனவரிக்குத் திரும்பியது. அதனால் 2025/2026 பருவம் டிசம்பர் 19-ல் முடிந்து, புதிய ஆண்டு ஜனவரி 12, திங்கட்கிழமை தொடங்கியது. நடுவில் மூன்று வாரம். சிலாங்கூரும் பினாங்கும் லீவுப் பட்டியலில் ஒரே பிரிவு, அந்த ஒரு தொல்லை இல்லை. பக்கத்தில் கெடாவுக்குப் போயிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே பள்ளி திறந்திருக்கும். சரி, மூன்று வாரம் இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தோம். மகனுக்கு இடம் சீக்கிரமே கிடைத்தது. மகளுக்கு இடைநிலைப்பள்ளியிலிருந்து பதில் வர டிசம்பர் கடைசி வாரம் ஆகிவிட்டது. நாங்கள் வாடகைக்குப் பேசிய கொண்டோவில் பழைய குடும்பம் புத்தாண்டு கழிந்துதான் காலி செய்தது. எல்லாம் சுருங்கிச் சுருங்கி, ஜனவரி 9 வெள்ளிக்கிழமை சாமான் ஏற்றுவது, 10 சனிக்கிழமை இறக்குவது, 12 திங்கட்கிழமை பிள்ளைகள் புதுப் பள்ளிக்குப் போவது என்று வந்து நின்றது. இடைவெளி ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மூன்று கம்பெனியிடம் விலை கேட்டேன். ஒன்று வாட்ஸ்அப்பில் வீட்டுப் படம் கூடக் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) என்றது. இன்னொன்று கட்டில், அலமாரி ஒவ்வொன்றுக்கும் தனி விலை போட்டு, படிக்கட்டுக்குத் தனி, டோலுக்குத் தனி, பாலத்துக்குத் தனி என்று நீட்டிக்கொண்டே போனது. மூன்றாவதுதான் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தது. சட்டையை இன் செய்து வந்த ஒரு தம்பி, கையில் டேப்லட், ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்துக்கொண்டு போனார், மேல்மாடி அலமாரியைத் திறந்துகூடப் பார்த்தார். மூன்று டன் லோரி, பெட்டியும் கட்டும் வேலையும் அவர்களுடையது, கட்டில் அலமாரி கழற்றி மாட்டுவது சேர்த்து 2,650 வெள்ளி. பார்த்துப் போனதால் நம்பினேன். விலையில் ஏமாற்றம் எதுவும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும், கடைசி வரை அந்த 2,650-தான். நடுவில் ஒரு 350-ஐச் சேர்க்கப் பார்த்தார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தத் தம்பியிடமே சொன்னேன். புது கொண்டோவில் சாமான் ஏற்றி இறக்க விதி இருக்கிறது, மூன்று நாளுக்கு முன் விண்ணப்பப் பாரம் கொடுக்க வேண்டும், 500 வெள்ளி டெபாசிட், திங்கள் முதல் வெள்ளி ஐந்து மணி வரை, சனிக்கிழமை ஒரு மணியோடு சாமான் லிப்டை மூடிவிடுவார்கள், ஞாயிறு கிடையவே கிடையாது. அவர் தலையாட்டினார். டேப்லட்டில் என்னவோ தட்டவும் செய்தார். எதற்கும் இருக்கட்டும் என்று டிசம்பர் கடைசியில் ஆபீஸ் நம்பருக்கு வாட்ஸ்அப்பிலும் எழுதிப் போட்டேன், ‘சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு முன்னால் இறக்கி முடிக்க வேண்டும்’ என்று. இரண்டு நீலக் கோடு வந்தது. பதிலுக்கு ஒரு கட்டைவிரல்.

புதன்கிழமை, 7-ம் தேதி சாயங்காலம் போன். லோரி திங்கட்கிழமைதான் கிடைக்குமாம். பள்ளி திறக்கிற சமயம், எல்லாரும் மாறுகிறார்களாம், புரிந்துகொள்ளச் சொன்னார்கள். இந்த வீட்டுச் சாவியை 10-ம் தேதி ஒப்படைப்பதாக வீட்டுச் சொந்தக்காரச் சீனரிடம் சொல்லியாகிவிட்டது, அங்கே பிள்ளைகளுக்குத் திங்கள் காலை ஏழரைக்குள் பள்ளி, சட்டி பானை இங்கே, நாங்கள் அங்கே என்றால் எப்படி? கத்தினேன். உண்மையாகவே கத்தினேன், மகன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். மறுநாள் காலையில் வேறொரு பெண்பிள்ளை எடுத்தாள். அவளிடம் கத்தத் தெம்பில்லை. ‘திங்கட்கிழமை பிள்ளைங்களுக்கு முதல் நாள் பள்ளிம்மா’ என்றேன். கொஞ்சம் இருங்க அக்கா என்று சொல்லிவிட்டு இருபது நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாள், பழையபடி வெள்ளி ஏற்றி சனி இறக்குவது என்று. அரை நட்சத்திரம் அவளுக்கு.

இனி வந்த ஆட்களைப் பற்றி. இதைக் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வந்தார்கள். ஐம்பது வயது இருக்கும் ஒரு அண்ணன், சொந்த ஊர் சுங்கை சிப்புட் என்றார், கூட இரண்டு பங்களாதேஷ் தம்பிகள். உள்ளே வந்தவர் சாமானைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த மகனின் பள்ளிப் படத்தைப் பார்த்தார். ‘பிள்ளைங்களுக்கு அங்க என்னைக்கு பள்ளி?’ என்றார். திங்கட்கிழமை என்றதும், ‘அப்ப பள்ளிச் சாமானை முதல்ல எடுத்து இங்க வைங்க அக்கா, மத்தது அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றார். என்னைவிட பத்து வயது மூத்தவர், கடைசி வரைக்கும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டு பெட்டி. ஒன்றில் சீருடை, சாக்ஸ், கறுப்புக் காலணி, பள்ளிப் பை, எழுதுபொருள். இன்னொன்றில் அயர்ன் பெட்டி, துண்டு, பல்துலக்கும் சாமான், ரைஸ் குக்கர், நாலு தட்டு, ஒரு கரண்டி. கரண்டியை அவர்தான் நினைவாகக் கேட்டு வாங்கிப் போட்டார், எல்லாரும் அதைத்தான் மறக்கிறார்களாம். இரண்டு பெட்டிக்கும் குறுக்கே நீல டேப் சுற்றினார், மற்ற எல்லாவற்றுக்கும் பழுப்பு டேப். ‘பிறப்புப் பத்திரம், பள்ளி லெட்டர், ஐசி எல்லாம் லோரியில ஏத்தாதீங்க, உங்க காடியில மடியில வச்சுக்கிட்டு வாங்க’ என்றார். ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டேன். ஒருமுறை ஜொகூருக்குப் போன குடும்பம் ஒன்று ஞாயிறு ராத்திரி பதினொரு மணிக்கு அறுபது பெட்டியையும் பிரித்துப் போட்டுப் பள்ளிச் சட்டையைத் தேடியதாம், அந்தப் பையன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது என்றார்.

அப்புறம் வேலை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், காகிதம் சுற்றிப் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்து அடுக்கினார்கள், படுக்க வைத்தால்தான் லோரி குலுங்கும்போது அடித்தட்டு விரிசல் விடுமாம். ஒரு தட்டு உடையவில்லை. வாஷிங் மெஷின் முன்பக்கம் திறக்கிற வகை. அதன் முதுகில் போடுகிற நாலு நீள போல்ட் எங்கே என்று கேட்டபோது, நானும் வீட்டுக்காரரும் போனிலேயே ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டோம். வாங்கின அன்று கழற்றியதை யார் ஆறு வருடம் எடுத்து வைப்பார்கள்? அது இல்லாமல் தூக்கினால் உள்ளே இருக்கிற டிரம் ஆடி ஆடிக் கெட்டுவிடும் என்று, பழைய போர்வையை மடித்து உள்ளே திணித்து, மெஷினை நிமிர்த்தி வைத்தே இறக்கினார்கள். இப்போது நன்றாகத்தான் சுற்றுகிறது. கேஸ் தோம்பு (சிலிண்டர்) ஏற்ற மாட்டார்கள், அதைக் கடையில் திருப்பிக் கொடுத்து டெபாசிட் வாங்கிக்கொள்ளுங்கள். செடியும் ஏற்ற மாட்டார்கள். என் கறிவேப்பிலைச் செடி பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்குப் போனது. குத்துவிளக்கில் எண்ணெயை வடித்துத் துடைத்து வையுங்கள், நான் மறந்துவிட்டேன், சாமி அலமாரித் துணியெல்லாம் எண்ணெய். மாமியாரின் அம்மியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதைப் பார்த்து அண்ணன், ‘இதை அரைக்கிறீங்களா, இல்ல அழகுக்கா?’ என்றார். நான் பதில் சொல்லவில்லை.

நடுவில் ஒரு சம்பவம். மகன் பள்ளியில் பாடநூல் எல்லாம் இரவல் திட்டத்தில் வருவது, வருடக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவனுடைய அறிவியல் புத்தகம் மட்டும் காணவில்லை, டிசம்பரிலேயே வகுப்பாசிரியை நினைவுபடுத்தினார், கிடைக்காவிட்டால் காசு கட்ட வேண்டும். வீடு முழுக்கத் தேடியாயிற்று. கட்டிலைக் கழற்றும்போது பங்களாதேஷ் தம்பிகளில் ஒருவர் அதன் பலகைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து தூசியோடு எடுத்து, தட்டி, நீட்டினார். பக்கம் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பாதி தின்ற பிஸ்கட், எறும்பு. லீவானாலும் பள்ளி ஆபீஸ் திறந்திருந்தது, நான் காடியை எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கிராணி அம்மா கையெழுத்து வாங்கிக்கொண்டு, ‘பினாங்கிலாவது தம்பி புத்தகத்தைப் பத்திரமா வச்சுக்கட்டும்’ என்றார். அந்தப் பள்ளி வாசலை விட்டு வருகிறபோதுதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது. அதுவரை சாமான் கவலையிலேயே இருந்துவிட்டேன்.

ஏற்றுகிறபோது கவனித்தேன், அந்த நீல டேப் பெட்டி இரண்டையும் வாசல் ஓரமாகவே வைத்திருந்தார்கள். ஐஸ்பெட்டி, சோபா, கட்டில், அம்மி எல்லாம் போய், மெத்தைகள் போய், எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் அவை ஏறின. ‘கடைசியா ஏறுறதுதான் முதல்ல இறங்கும் அக்கா.’ அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

சனிக்கிழமை. நாங்கள் ஐந்து மணிக்கே கிளம்பினோம், சுமார் 350 கிலோமீட்டர், மெனோரா குகை தாண்டும்போது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், பாலம் ஏறும்போது எழுப்பினேன். தீவுக்குள் போகிற திசையில் மட்டும்தான் பாலத்தில் டோல், திரும்பி வர இல்லை என்று மகளிடம் சொன்னதற்கு, ‘அப்ப போறவங்களைத்தான் தடுக்கிறாங்க, வர்றவங்களை விட்டுடறாங்க’ என்றாள். கோபம், பதிமூன்று வயது. பத்து மணிக்கு கொண்டோ வாசலில் நிற்கிறோம், சாவி கையில். ஏழு மணிக்குக் கிளம்பிய லோரி பதினொன்றரை, பன்னிரண்டுக்கு வந்துவிட வேண்டும். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. சாமான் லிப்டுக்கு உள்ளே மாட்டியிருந்த மெத்தையைக் கழற்றி ஜாகா (காவலாளி) எடுத்துக்கொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

லோரி வந்தது இரண்டு இருபதுக்கு. அதில் எங்கள் சாமான் மட்டும் இல்லை, ஈப்போவில் இறக்க வேண்டிய இன்னொரு வீட்டுச் சாமானும் முன்பக்கம் இருந்திருக்கிறது, காலையில் அங்கே போய், பாதி சாமானை இறக்கி வைத்து, அதை எடுத்து, மறுபடி எங்களுடையதை ஏற்றி வந்திருக்கிறார்கள். கூட்டு லோரி என்று எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் முகம் செத்துப் போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து வேலைத் தாளை எடுத்துக் காட்டினார். அதில் சனி, மாலை ஐந்துக்குள் என்று இருக்கிறது. ஒரு மணி என்று எங்குமே இல்லை. நான் எழுதியது, நீலக் கோடு, கட்டைவிரல், எல்லாம் ஆபீஸ் போனிலேயே தங்கிவிட்டது.

நிர்வாக ஆபீசில் கெஞ்சினோம். முடியாது என்றார்கள், அவர்கள் விதி அவர்களுக்கு, அதில் தப்பு சொல்ல முடியாது. கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவு சாமானை ஆள் லிப்டில் கொண்டுபோகலாம், அவ்வளவுதான். எனக்குக் கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது, ஏனென்றால் திங்கள் காலைக்குத் தேவையானது எந்த மூலையில் இருக்கிறதோ என்றுதான் முதலில் தோன்றியது. அண்ணன் போய் லோரியின் பின்கதவைத் திறந்தார். கண்முன்னால் நீல டேப் பெட்டி இரண்டு, அதற்குப் பின்னால் மெத்தை நாலு. ஈப்போவில் அவ்வளவு சாமானைக் கலைத்து அடுக்கிய பிறகும், அதை மறுபடி கடைசியாகத்தான் ஏற்றியிருக்கிறார்.

பெட்டி, மெத்தை, விசிறி ஒன்று. பத்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டது. மற்றது எல்லாம் லோரியோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் இருக்கிற அவர்களுடைய ஸ்டோருக்குத் திரும்பிப் போனது.

அந்த இரண்டு ராத்திரி வெறும் வீட்டில் மெத்தை போட்டுப் படுத்தோம். பேசினால் எதிரொலிக்கும். ரைஸ் குக்கரில் சோறு, கீழே கடையில் குழம்பு, அந்த ஒரே கரண்டி. ஞாயிறு மாலை துண்டைத் தரையில் விரித்துச் சட்டை அயர்ன் செய்தேன். சீருடை நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை, பழைய பேட்ஜைப் பிரித்துப் புதியதைத் தைத்தால் போதும், ஆனால் ஊசி நூல் இன்னொரு பெட்டியில், அந்தப் பெட்டி பிறையில். எதிர்வீட்டுப் பாட்டியிடம் இரவல் வாங்கினேன். நூல் வாங்கப் போனவள் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். தமிழ்ப் படிப்பு இந்த நாட்டில் தொடங்கியதே இங்கேதான், 1816-ல் பினாங்கு ப்ரீ ஸ்கூலில்தான் என்று சொல்லி அனுப்பினார், என்னவோ நான் காட்டிலிருந்து வந்த மாதிரி.

திங்கட்கிழமை நான் பிள்ளைகளை இரண்டு பள்ளியிலும் விட்டுவிட்டு வருவதற்குள் லோரி வந்துவிட்டது. வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். ஒரு மணிக்குள் இறக்கி, கட்டில் மாட்டி, அலமாரி மாட்டி, அட்டையெல்லாம் மடித்துக்கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐஸ்பெட்டியை உடனே போடாதீர்கள், சில மணி நேரம் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காபி கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தார்.

சேதம்: ஐஸ்பெட்டி ஓரத்தில் ஒரு நசுங்கல், சாமி அலமாரியின் கால் ஒன்று விரிசல். இது ஈப்போவில் இறக்கி ஏற்றியதில் வந்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஏற்றும்போது எடுத்த படத்தில் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு பெரிய சாமானும் ஏறுவதற்கு முன் ஒன்று. நஷ்ட ஈடு கேட்டபோது, விலைத் தாளின் பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு வரி இருப்பதைக் காட்டினார்கள். தனியாகக் காப்புறுதி எடுக்காவிட்டால் ஒரு சாமானுக்கு 100 வெள்ளிக்கு மேல் கிடையாது. 200 வெள்ளி வர ஆறு வாரம் ஆயிற்று. அதற்கு முன்பே இரண்டு நாள் லோரி காத்திருந்ததற்கு 350 வெள்ளி என்று பில் அனுப்பியிருந்தார்கள், அதுதான் முன்னால் சொன்னேனே. அவர்கள் தாமதமாக வந்ததற்கு நான் காசு கட்ட வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் நான் எழுதியதையும் அவர்கள் போட்ட கட்டைவிரலையும் படம் பிடித்து அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை, பில்லும் திரும்ப வரவில்லை. அந்த ஒரு வரியை எழுதிப் போடாமல் விட்டிருந்தால் 350 போயிருக்கும்.

வீடியோ எடுத்த தம்பியை நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது. அலமாரிக்குள் எட்டிப் பார்த்தவர், லிப்ட் எத்தனை மணிக்கு மூடும் என்பதைத் தாளில் போட மறந்தார். நீங்கள் யாரை வைத்து மாறினாலும், லோரி கிளம்புவதற்கு முன்னால் ஓட்டுகிறவர் கையில் இருக்கிற வேலைத் தாளை வாங்கிப் படியுங்கள். உங்களிடம் இருக்கிற விலைத் தாளும் அதுவும் ஒன்றில்லை. அதோடு, லோரியில் நம் சாமான் மட்டுமா, வேறு வீட்டுச் சாமானும் உண்டா என்று கேளுங்கள். கூட்டு லோரி என்றால் விலை குறைய வேண்டும், எனக்குக் குறையவில்லை.

பள்ளி பற்றி ஒன்றிரண்டு. மகளுக்கு இப்போது காலைப் பள்ளி, பகல் சோற்றை வீட்டில் வந்து சாப்பிடுகிறாள், அதற்கே இந்த மாற்றம் தகும் என்று நான் சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். பினாங்கில் தமிழ்ப்பள்ளிகள் மொத்தம் 28, அதில் பெரும்பாலானவை கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் பிறையில், தீவில் கொஞ்சம்தான். ஆகவே தீவில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் பள்ளியைப் பார்த்துவிட்டு அப்புறம் வீட்டைப் பாருங்கள், வாடகை மலிவு என்று தூரத்தில் பிடித்துவிட்டு வேனுக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள். மகன் வகுப்பில் பூச்சோங்கில் இருந்ததில் பாதிப் பேர்தான். முதல் வாரம் யாரோடும் பேசவில்லை. பிப்ரவரி முதல் தேதி தைப்பூசம், தண்ணீர்மலையில் அவ்வளவு கூட்டத்தில் வகுப்புப் பையன் ஒருவன் இவன் பெயரைச் சொல்லிக் கத்தினான், இவன் என் கையை உதறிவிட்டு ஓடினான். வீட்டில் பதினாலு பெட்டி அன்றைக்கும் பிரிக்காமல்தான் இருந்தது.

மறுபடி இதே கம்பெனியைக் கூப்பிடுவேனா? நாத்தனார் குடும்பம் ஆண்டு நடுவில் புக்கிட் மெர்தாஜாமுக்கு மாறப்போகிறார்கள், மூன்று பிள்ளைகள், மூன்றும் பள்ளியில். அவளுக்காக ஆபீசுக்கு போன் செய்து, அந்தச் சுங்கை சிப்புட் அண்ணன் வருவார் என்றால் உடனே புக் செய்கிறேன் என்றேன். யார் வருவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, லோரியைப் பொறுத்தது என்றார்கள். நாத்தனார் அவருடைய நம்பரையாவது கொடு என்கிறாள். அன்றைக்குக் காபி கொடுத்தேனே தவிர, நம்பர் வாங்கத் தோன்றவில்லை.